வாய்க்கால் தூர் மண்ணில் கிடைத்த ஒற்றைத் தோடு: எந்தக் காலத்தது?

படித்துறை வீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய நகை பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதாகச் சொன்னார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரையோரம் எங்கள் ஊர். ஊர்ப் பெயரை எழுதாததற்குக் காரணம் கீழே வரும். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் அவசர அவசரமாகத் தூர் வாருவார்கள் அல்லவா, அப்படி இந்தக் கோடையில் எங்கள் தெருப் படித்துறைக்குக் கீழே ஓடும் வாய்க்காலையும் வாரினார்கள். ஜேசிபி அள்ளிப் போட்ட களி கரை முழுக்கக் குவிந்து கிடந்தது. தென்னைக்கும் வாழைக்கும் அதைவிட நல்ல எரு கிடையாது என்று தெருவே கூடையும் மண்வெட்டியுமாக இறங்கியது. நானும் கொண்டுவந்து கொல்லையில் கொட்டினேன். காய்ந்த கட்டிகளை உடைக்கும்போது ஒன்றுக்குள் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. அந்த மண்ணில் கண்ணாடி வளையல் துண்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இது தண்ணீரில் காட்டியதும் மஞ்சளாக மின்னியது.

காதுத் தோடு, ஒற்றை. அகலம் 14 மில்லிமீட்டர். நடுவில் ஒரு சிவப்புக்கல், சுற்றிலும் ஆறு. சுற்றில் ஒன்று விழுந்துவிட்டது. அந்தக் குழிக்குள் கறுப்பாக ஏதோ கெட்டியாக அடைத்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் ஒரு கிள்ளு அளவுக்கு வெள்ளித் தகடு மாதிரி பளிச்சிடுகிறது. பின்பக்கம் முழுக்க மூடியது. அதன் நடுவில் தண்டு. தண்டு கெட்டிக் கம்பி இல்லை, குழாய். குழாய்க்கு உள்ளே மரை ஓடுகிறது. திருகாணி இல்லை. பின் தகட்டின் ஓரத்தில் அரத்தால் இழுத்த மாதிரி இரண்டு கீறல்கள், பக்கம் பக்கமாக. முத்திரை, எண், எழுத்து ஒன்றும் இல்லை. அடகுக்கடைத் தராசில் 5.2 கிராம் காட்டியது.

தெருமுனையில் நான் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஸ்கேனர் கைவசம் இருப்பதால் முன்னும் பின்னும் 1200 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்து இணைத்திருக்கிறேன். செல்போன் படத்தைவிட இதில் கீறல்கள் நன்றாகத் தெரிகின்றன. ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் வேண்டுமென்றே படத்திலும் மறைத்துவிட்டேன், எழுத்திலும் சொல்லவில்லை. ஏனென்றால் இந்தத் தோட்டுக்கு இப்போதே நாலு உரிமைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்.

கோடி வீட்டுப் பெரியம்மா, அது தன் மாமியாருடையது, 77 புயல் வெள்ளத்தில் போனது என்கிறார். எதிர்வீட்டு அண்ணன், தன் தங்கை கல்யாணத்துக்குச் செய்தது, 1990-க்குப் பிறகு தொலைந்தது என்கிறார். குருக்கள், அம்பாளின் தோடாக இருக்கலாம் என்று தலையை ஆட்டுகிறார். நாலாவது ஆள் மண்ணை ஏற்றிய டிராக்டர்காரர், தன் நடையில் வந்த மண் என்பது ஒன்றே அவருடைய வாதம். என் மாமியார் எதுவும் வேண்டாம், உண்டியலில் போடு என்கிறார். வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு சும்மா இரு என்கிறார். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் இது எந்தக் காலத்து வேலை என்று தெரிந்தால் பாதி பேரின் வாய் அடையும். சேதப்படுத்தாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?


சோழமண்டலத்தான் எழுதியது:

சகோதரி, உடனே தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். குடமுருட்டிக் கரை முழுவதும் சோழர் பூமி. பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் கொடுத்த நகைகளின் பட்டியல் இருக்கிறது, அதில் மாணிக்கம் பதித்த காதணிகள் உண்டு. அரக்கு அடைத்துக் கல் பதிக்கும் முறையும் சோழர் முறைதான். ஆயிரம் ஆண்டு என்று அடித்துச் சொல்வேன்.


பத்தர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

வணக்கம் அக்கா. கும்பகோணத்தில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பட்டறை வைத்திருக்கிறது. ஸ்கேன் அருமையாக இருக்கிறது.

முதலில் சோழமண்டலத்தாருக்கு. அரக்கு விஷயம் உண்மைதான். பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகைகளை நிறுத்து எழுதும்போது சரடும் அரக்கும் சேர்ந்த நிறை என்று கணக்காகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஆயிரம் ஆண்டாக எல்லாரும் செய்துவருவதை வைத்து ஒரு நகைக்குக் காலம் சொல்ல முடியாது. என் தாத்தாவும் அரக்குதான் அடைத்தார், நானும் அடைத்திருக்கிறேன். ஸ்கேனில் தெரியும் கல் ஒவ்வொன்றும் பட்டை தீட்டியது, மிச்சமிருக்கும் ஆறும் அச்சில் வார்த்த மாதிரி அளவு. அந்தக் காலத்து மாணிக்கங்கள் பெரும்பாலும் உருட்டி மெருகேற்றியவை, கல்லுக்குக் கல் அளவு மாறும்.

இது ஏழுகல் தோடு. வசதி இருந்தவர்கள் வைரத்தில் செய்தார்கள், மற்றவர்கள் சிவப்பில். குழிக்குள் கறுப்பாகத் தெரிவது அரக்கு. பளிச்சிடுவது கல்லுக்கு அடியில் வைக்கும் தகடு. மூடிய கூட்டுக்குள் வெளிச்சம் பின்னாலிருந்து வராது, அதனால் முன்னால் நுழைந்த வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க அந்தத் தகடு. கம்பி நகத்தால் கல்லைப் பிடித்துப் பின்பக்கம் திறந்து விடும் வேலை வந்த பிறகு தகடு தேவையில்லாமல் போனது. ஆனால் சிவப்புக்கல் தோட்டை மூடிய கூட்டிலேயே செய்யும் வழக்கம் நம் பக்கம் வெகுநாள் நீடித்தது. ஆகவே இதுவும் தனியாக ஒன்றும் சொல்லாது.

சொல்லக்கூடியது சுரை. அந்தக் குழாய்த் தண்டைத்தான் சுரை என்போம். உள் மரையின் புரிகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். எல்லாம் ஒரே சீராக இருந்தால் இயந்திரத்தில் போட்டது. ஒரு புரி நெருக்கம், ஒரு புரி அகலம், லேசாகச் சாய்வு என்று இருந்தால் கைவேலை. உங்கள் படத்தில் வாயருகே தெரியும் இரண்டு புரிகளும் ஒன்றுபோல் இல்லை. கையால் மரை போட்ட ஜோடியில் ஒரு காதின் திருகாணி மறு காதின் சுரையில் ஏறாது, ஏற்றினால் மரை அழிந்துவிடும். அதனால்தான் எங்கள் பட்டறையில் ஒன்றுக்கு ஒரு கீறல், அடுத்ததற்கு இரண்டு கீறல் போடுவார்கள், திருகாணியின் தலையிலும் அதே மாதிரி. உங்களுடையது இரண்டாவது காது.

முத்திரை இல்லாததை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000-இல்தான். தெருப் பத்தரிடம் சொல்லிச் செய்த நகையில் முத்திரை எங்கே இருக்கும்?

பற்றவைத்த இடத்தைப் பார்த்தீர்களானால் சுரைக்கும் தகட்டுக்கும் நடுவில் லேசாகச் சிவந்த கோடு ஓடுகிறது. பொடி வைத்து ஊதிய வேலை, பொடியில் செம்பு இருக்கும். பிற்பாடு வந்த கே.டி.எம். பற்றவைப்பில் இந்த நிறம் வராது, அதில் காட்மியம் சேர்த்தார்கள். நம்பிக்கையான நகைக்கடையில் கேரட் மீட்டர் (நகையில் எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் கருவி) இருந்தால் பின் தகட்டிலும் பற்று ஓடிய இடத்திலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். அது மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும், உள்ளே என்ன என்று சொல்லாது, ஆனால் காட்மியம் இருந்தால் காட்டிவிடும். மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், எவ்வளவு என்பதும் முக்கியம். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். 1966-இல் அந்த 14 கேரட் விதியைத் தளர்த்தினார்கள். அந்த இடைவெளியில் சட்டப்படி செய்த நகையானால் 58 சதவீதம் பக்கம் காட்டும். திருட்டுத்தனமாகச் செய்தவர்கள் கணக்கு தனி, அதை இங்கே பேசவேண்டாம்.

அப்புறம் ஒரு கெஞ்சல். வெந்நீரில் போடாதீர்கள், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், பற்பசை வேண்டவே வேண்டாம். சூட்டில் அரக்கு இளகினால் மிச்சக் கல்லும் ஆடிவிடும். சுரைக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் நோண்டக் கூடாது. பச்சைத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.


திருவையாற்று மருமகள் எழுதியது:

தோட்டை யாரும் தினமும் கழற்றிப் போடுவதில்லை. படித்துறையில் மஞ்சள் தேய்த்து முழுகும்போது திருகு தளர்ந்து விழுவதுதான் வழக்கம். என் பாட்டி திருகாணியின் மரையில் ஒரு சுற்று நூல் சுற்றித்தான் போடுவார், இறுக்கமாக நிற்கட்டும் என்று. நூல் மக்கினால் தளரும். தளர்ந்தால் முதலில் போவது திருகாணி, அடுத்த முழுக்கில் தோடு. ஆகவே திருகாணி அந்த மண்ணிலேயே வேறெங்காவது இருக்கும். அம்பாளுக்குப் போட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் விடுவது காதோலையும் கருகமணியும்தான், தங்கத்தோட்டை யார் விடுவார்கள்?


படித்துறை வீடு எழுதியது:

பத்தர் தம்பிக்கு ரொம்ப நன்றி. சொன்னபடி செய்தேன்.

கும்பகோணத்தில் ஒரு கடையில் கேரட் மீட்டரில் வைத்தார்கள். பின் தகட்டில் தங்கம் 87 சொச்சம், மிச்சம் செம்பும் வெள்ளியும். பற்று ஓடிய இடத்தில் தங்கம் இறங்கிச் செம்பு ஏறியது. காட்மியம் இரண்டு இடத்திலும் பூஜ்யம். கடை பெயர் வேண்டாம். அங்கே கல்லாவில் இருந்தவர், கல்லைக் கழற்றி அரக்கைத் தட்டிவிட்டு நிகர எடைக்குப் பணம் தருகிறேன், கல்லுக்கு மதிப்பு கிடையாது என்று அங்கேயே குறட்டைக் கையில் எடுத்துவிட்டார். பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

சுரையில் புரிகள் சீராக இல்லை. போன் கேமராவுக்கு மாட்டும் குட்டி லென்சில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. எங்கள் கொல்லையில் கொட்டிய அதே குவியலில் ஓர் ஓட்டைக் காலணாவும் கிடைத்திருக்கிறது, 1944 என்று தெளிவாகப் படிக்க முடிகிறது. அப்படியானால் தோடும் அந்தச் சமயத்தில் விழுந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கல்லைப் பற்றிக் கடையில் ஒருவர் கண்ணாடி என்றார், ஒருவர் பர்மாக் கெம்பு, அதாவது மாணிக்கம் என்றார். இரண்டும் ஒரே கவுண்டரில், ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள்.


மலைக்கோட்டைப் பட்டறை எழுதியது:

நான் திருச்சி. செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழில் எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் நடந்தது, நானும் அந்தச் சாணைக்கல்லில் வளர்ந்தவன்தான். கல்லை மட்டும் பேசுகிறேன்.

கண்ணாடி இல்லை. காரணம் உங்கள் ஸ்கேனிலேயே இருக்கிறது. பட்டைகள் சேரும் விளிம்பு இன்னும் கூராக நிற்கிறது. காவிரி மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதன் கடினம் பத்துக்கு 7. கண்ணாடி 5 அல்லது 6-க்குள்தான் இருக்கும். மணலோடும் வண்டலோடும் பல வருஷம் புரண்ட கண்ணாடி மங்கி, விளிம்பு உருண்டு போயிருக்கும். கெம்பின் கடினம் 9, மணலால் அதைக் கீற முடியாது. ஆனால் இயற்கைக் கெம்பும் 9, செயற்கைக் கெம்பும் 9. இரண்டும் பொருளால் ஒன்றுதானே.

இனி உங்கள் கையில் இருப்பதை வைத்துச் செய்யுங்கள். நோட்டு பார்க்கும் நீல விளக்கு உங்கள் இ-சேவை மையத்தில் இருக்குமே, இருட்டில் அதற்கு அடியில் வையுங்கள். கெம்பு சிவந்து ஒளிரும். பர்மாக் கல்லும் ஒளிரும், செயற்கைக் கல் அதைவிடப் பலமாக ஒளிரும். கெம்பு மாதிரியே தெரியும் கார்னெட் என்ற வேறு சிவப்புக்கல்லாக இருந்தால் ஒளிராமல் செத்துக் கிடக்கும். அடுத்து 10 மடங்கு லென்ஸ், பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம். கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கிராமபோன் தட்டின் கோடுகளைப் போல வளைந்த கோடுகள் கல்லுக்குள் தெரிந்தால் செயற்கை, முடிந்தது பேச்சு. சின்னச் சின்ன உருண்டைக் குமிழ் தெரிந்தாலும் அதே. இயற்கைக் கல்லில் கோடு இருந்தால் நேராக இருக்கும், கோணத்தில் மடியும், வளையாது.

வளைவு ஏன் வருகிறது என்றால், அலுமினா மாவோடு நிறத்துக்குக் குரோமியம் கலந்து, மேலேயிருந்து சன்னமாகக் கொட்டுவார்கள். வழியில் 2000 டிகிரிக்கு மேல் எரியும் ஹைட்ரஜன்–ஆக்சிஜன் சுடர். மாவு உருகிச் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்து கேரட் கிழங்கு வடிவில் ஒரு கட்டையாக வளரும். அதன் தலை எப்போதும் குவிந்தே இருப்பதால் அடுக்கும் வளைவாகவே படிகிறது. பிரான்சில் வெர்னெயில் என்பவர் இதை 1902-இல் வெளியிட்டார். 1907-க்குள் ஆண்டுக்கு 1000 கிலோ அளவுக்கு உற்பத்தி போய்விட்டது. ஐரோப்பாவிலிருந்து அந்தக் கட்டைகள் வந்துதான் எங்கள் ஊர்ச் சாணையே சுழன்றது. உங்கள் தோட்டில் வளைந்த கோடு ஒன்றே ஒன்று தெரிந்தாலும், அந்தக் கல் பெரும்பாலும் 1902-க்குப் பிந்தையதுதான்.

காலணாவைப் பற்றி: ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அடித்தது. கையால் அடுக்கு அடுக்காக வெட்டி எடுத்திருந்தால் அது சாட்சி. ஜேசிபி வாளி ஐந்தடி ஆழத்தையும் ஒரே அள்ளலில் கலக்கும். தோட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை.


படித்துறை வீடு எழுதியது:

கடையை மூடி விளக்கை அணைத்துவிட்டு நீல விளக்கில் வைத்தேன். சுற்றுக்கல் ஐந்தும் சிவந்து எரிந்தன. நடுக்கல் மட்டும் மந்தமாக ஒளிர்ந்தது. பக்கத்தில் நின்ற என் பையன் கூட "அம்மா, நடுவில் இருப்பது வேறே" என்றான்.

பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சரிடம் லென்ஸ் வாங்கி வந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். சுற்றுக்கல்லில் இரண்டில் வளைந்த கோடு தெளிவாக இருக்கிறது. மற்ற மூன்றில் எனக்குத் தெரியவில்லை, பையன் தெரிகிறது என்கிறான். நடுக்கல்லில் வளைவு இல்லை. ஓரத்தில் நேர்கோடாக மூன்று நான்கு, ஒரு பக்கம் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். நகை முழுக்கவே புதிதா, நடுக்கல் மட்டும் பழசா?


மலைக்கோட்டைப் பட்டறை எழுதியது:

நடுக்கல் இயற்கையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நேர்கோடும் அந்த மங்கலும் அதற்குத்தான் பொருந்தும். நம் ஊரில் இது சகஜம். பாட்டி மூக்குத்தியிலோ மோதிரத்திலோ இருந்த ஒரு நல்ல கல்லை நடுவில் வைத்து, சுற்றுக்குக் கடைக்கல் வாங்கித் தோடு செய்வார்கள். ஆகவே நடுக்கல்லின் வயதை வைத்துத் தோட்டுக்கு வயது சொல்லக் கூடாது. ஒரு நகையில் எது கடைசியாக வந்த சரக்கோ அதுதான் கணக்கு.


பத்தர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சுற்றுக்கல்லைப் பிற்பாடு மாற்றிக் கட்டியிருக்கலாமே, தோடு அதைவிடப் பழசாக இருக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். மாற்றியிருந்தால் கூட்டின் விளிம்பைப் பிரித்து மறுபடி அமுக்கிய தடம் இருக்கும். ஸ்கேனில் ஆறு கூடுகளின் விளிம்பும் ஒரே கையால் ஒரே ஓட்டத்தில் அமுக்கியவை. காலியான குழியைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனவே என் கணக்கு: கை மரை, அரக்கு, தகடு, செம்புப் பொடிப் பற்று, வெர்னெயில் கல், 87 மாற்று. அந்த 87-உம் பொருந்தி வருகிறது. சவரன் காசு 22 கேரட், அதை உருக்கிக் கொஞ்சம் செம்பு சேர்த்துச் செய்தால் இந்தப் பக்கம்தான் வந்து நிற்கும். இதெல்லாம் சேர்ந்து 1910-க்கும் 1950-க்கும் நடுவில் செய்தது என்று சொல்வேன். இன்னும் இறுக்கிச் சொல்லச் சொன்னால் 1920-களும் 30-களும் என்பேன், ஆனால் அது என் கைப்பழக்கம் சொல்வது, சாட்சி இல்லை.

ஆக எதிர்வீட்டு அண்ணனின் தங்கை கல்யாணம் அடிபட்டுப் போகிறது, அவர் புதிதாகச் செய்தது என்று சொல்வதானால். பாட்டி தோட்டைத் தங்கைக்குப் போட்டோம் என்று நாளைக்கு மாற்றிச் சொன்னால் அது வேறு கதை. கோடி வீட்டுப் பெரியம்மா சொல்வது அடிபடவில்லை. மாமியார் 1930-இல் செய்து 77 வெள்ளத்தில் தொலைத்திருக்கலாம், தடையே இல்லை. செய்த காலத்தை நாங்கள் சொல்லலாம், தண்ணீரில் விழுந்த காலத்தைத் தோடு சொல்லாது.


ஓய்வு பெற்ற ஆர்.ஐ. எழுதியது:

அம்மா, நான் வருவாய்த்துறையில் இருந்தவன். ஓர் அடையாளத்தை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கு முதலில் ஒரு சபாஷ். அதைக் கடைசி வரை சொல்லாதீர்கள். உரிமை கேட்டு வருபவர்களிடம் தோட்டைக் காட்டுவதற்கு முன்னால் அவர்கள் வாயாலேயே விவரத்தைச் சொல்லவைத்து எழுதி வாங்குங்கள்.

சட்டம் இரண்டு மூன்று இடத்தில் தொடும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், என்ன பொருள், சுமார் மதிப்பு, எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம், சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. தவறி விழுந்த தோடு ‘மறைத்து வைத்த’ பொருளாகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். நீங்கள் வாதாட வேண்டாம். எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் பக்கம் சுத்தம். புதையல் இல்லை என்று முடிவானாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆவது பிரிவுப்படி, கண்டெடுத்தவர் அந்தப் பொருளைத் தன்னிடம் ஒப்படைத்த பொருளைப் போலப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நூறு வருஷம் என்ற கோடு. நூறு வருஷம் ஆன நகை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடும். புதையல் சட்டத்திலும் ஒரு நூறு இருக்கிறது. அங்கே அது மண்ணுக்குள் போன காலத்தைப் பற்றியது. அறிவிப்பைப் பார்த்து ஒருவர் உரிமை கேட்டு வந்து, நூறு வருஷத்துக்குள் அவரோ அவர் வழியினரோ மறைத்து வைத்ததுதான் என்று கலெக்டருக்குத் தோன்றினால், சிவில் கோர்ட்டுக்குப் போக அவருக்கு அவகாசம் கொடுப்பார். உங்கள் தோடு இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் பத்தர் பிள்ளை சொன்ன 1910–1950 என்பதை அப்படியே மனுவில் எழுதுங்கள். இறுக்கி ஒரு வருஷத்தைப் போடாதீர்கள், போட்டால் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

அம்பாள் தோடு என்றால் கோயிலின் நகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். செயல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள், ஒரே பக்கத்தில் பதில் வந்துவிடும். டிராக்டர்காரருக்கு வாடகையைத் தவிர வேறெதிலும் உரிமை இல்லை. கடைசியாக ஒன்று: கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ ஒப்படைத்தால் ரசீதில் ‘தங்கம் 5.2 கிராம்’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். நாளைக்கு அரக்கைத் தட்டி நிறுத்துவிட்டு எடை குறைகிறதே என்று உங்களைக் கேட்பார்கள்.


படித்துறை வீடு எழுதியது:

ஆர்.ஐ. ஐயா சொன்னபடி திருவாரூர் கலெக்டருக்கு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலைத் தாசில்தார் அலுவலகத்திலும் கொடுத்தாயிற்று. மனு எழுதுவதுதானே என் தொழில், ஸ்கேன் படம், கேரட் மீட்டர் சீட்டு, நீல விளக்கில் எடுத்த படம் எல்லாவற்றையும் இணைத்துவிட்டேன்.

காகிதம் நகர ஆரம்பித்ததும் தெருவில் ஆள் குறைந்துவிட்டது. எதிர்வீட்டு அண்ணனிடம் தோட்டைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றேன். ஐந்து கல் என்று எழுதினார், அப்புறம் தங்கையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் திரும்ப வரவில்லை. கோயில் பதிவேட்டில் அப்படி ஒரு தோடு இல்லை என்று செயல் அலுவலர் பதில் கொடுத்துவிட்டார். டிராக்டர்காரர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

பெரியம்மா மட்டும் நிற்கிறார். ஏழு கல் என்று சரியாகச் சொன்னார், ஆனால் அதற்குள் இந்த விஷயம் தெருவெல்லாம் தெரிந்துவிட்டதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நான் மறைத்து வைத்த அடையாளத்தைப் பற்றி அவருக்குப் பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. ஜோடித் தோட்டைக் காட்டச் சொன்னால், ஒற்றையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மாமியாரே உருக்கி மகளுக்கு மோதிரம் செய்துவிட்டாராம். அந்த மோதிரம் மாயவரத்தில் நாத்தனார் வீட்டில் இருக்கிறதாம், அதில் ஒரு சிவப்புக்கல் உண்டாம். அந்தக் கல்லின் படத்தை எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்தால் மலைக்கோட்டை அண்ணன் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன், தட்டச்சுக் கூலியையும் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் விட்டால் நான் அவர் கட்சி என்பார்கள்.

தோடு இப்போது தாசில்தார் அலுவலகத்தில் பருத்தித் துணியில் சுற்றி உறையில் சீல் வைத்து இருக்கிறது. ரசீதில் எழுத வைத்தது இது: ‘ஏழுகல் தோடு ஒன்று, சுற்றுக்கல் ஒன்று குறைவு, திருகாணி இல்லை, கல், அரக்கு, தகடு, மண் உள்பட 5.2 கிராம்.’ ‘மண்’ என்ற வார்த்தைக்குத்தான் எழுத்தர் ரொம்ப யோசித்தார்.


பத்தர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

மோதிரத்தைப் படம் எடுக்கும்போது கல்லை மட்டும் எடுக்காமல் வளையத்தின் உள்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள் அக்கா. உருக்கியதாகச் சொன்னாலும் சில பத்தர்கள் தோட்டின் பின் தகட்டையே வளைத்து மோதிரத்தின் தலைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். ஒற்றைக் கீறல் இருந்தால் தெரிந்துவிடும்.